வெளுத்த குழாய்

"குடிக்காதவரோட ரத்தத்துல குடி எப்படி மோளே வரும்?"

லேப்பின் பாதிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஏலிக்குட்டி கேட்டாள். சண்டைக்கு வந்தவள் போலக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்தவள் போலத்தான் கேட்டாள். தோளில் கிடந்த துண்டு ஒரு பக்கம் நனைந்திருந்தது. புருஷனின் நெற்றியைத் துடைத்த துண்டு.

லேப்பில் ரத்தம் பார்க்கிற பிலோமினா கையிலிருந்த கண்ணாடித் தகட்டைக் கீழே வைத்தாள். ஏலிக்குட்டியை அவளுக்கு அன்று காலையிலிருந்துதான் தெரியும். விடியும் நேரத்தில் பால் ஜீப் ஒன்று மலையேறி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அன்று பந்த்; அந்த நாளில் பாலையும் பத்திரிகையையும் தவிர வேறு எதையும் விடமாட்டார்கள். பால் கேன்களுக்கு நடுவே முழங்காலை மார்போடு மடக்கி அவள் புருஷன் பைலி கிடந்தான். ஏலக்காய்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன், வாட்டசாட்டமான ஆள். அவன் அப்படிச் சுருண்டு கிடந்ததைப் பார்த்து ஜீப்காரனே பயந்துபோயிருந்தான்.

"யாரு சொன்னா சேச்சி, ரத்தத்துல குடி இருக்குன்னு?"

"அந்தக் கம்பவுண்டரு. டெஸ்ட்டுல எல்லாம் தெரிஞ்சிடுச்சு, இனி மறைச்சு என்ன பிரயோஜனம்னு கேக்குறாரு. நேத்து சாயங்காலம் சாராயக் கடை வரிசையில இவரப் பாத்த மாதிரியே பேசுறாரு."

பந்த்துக்கு முந்தின நாள் கடை வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நீளும். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேராவது இந்த ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கம்பவுண்டர் குரியாக்கோஸ் அவர்களுக்கெல்லாம் "பந்த் நோயாளிகள்" என்று பெயர் வைத்திருந்தார்.

"அது குடியைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்ல சேச்சி. வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்கு. சாப்பிட்ட மாவைக் கரைக்கிற சாறு அதுல ஊறும். கணையம் வீங்கிப் புண்ணாச்சுன்னா அந்தச் சாறு ரத்தத்துல கலக்கும். அதுக்கு அமிலேஸ்னு பேரு. அது எவ்வளவு இருக்குன்னுதான் பாத்தேன். நிறைய இருந்துச்சு."

"கணையம் எதனால வீங்கும்?"

"பித்தப்பைக் கல்லாலயும் வரும். காரணமே தெரியாமயும் வரும். ஆனா..."

"ஆனா குடிச்சா வரும்."

"ஆமா."

"ரெண்டு வருஷம் ஆச்சு மோளே, குடிய விடணும்னு பள்ளியில தியானத்துக்குப் போயிட்டு வந்து. அன்னையிலேருந்து வாசனைகூடக் கிடையாது. முதுகு வலிக்குன்னு கடையில மாத்திரை வாங்கி முழுங்குவாரு, காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. இப்ப அவருக்குக் குடி அதுதான்." துண்டின் நுனியை முறுக்கினாள். "கட்டில்ல கெடந்துக்கிட்டு, ஏலி, நீயாவது நம்புன்னு அழுவுறாரு. நான் நம்புறேன். ஆனா நீங்க ரத்தத்துல பாத்தோம்னு சொல்றீங்க. ரத்தம் பொய் சொல்லுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் வார்டைப் பார்க்க நடந்தாள்.

பிலோமினா மறுபடி கண்ணாடித் தகட்டை எடுத்தாள். ஆனால் கண் அதில் நிற்கவில்லை.

காலையில் நடந்தது இதுதான். பைலியின் வயிறு பலகை போல இறுகியிருந்தது. டாக்டர் ஈப்பன் தொட்டும் தட்டியும் பார்த்தார். வயிறு இப்படி இறுகினால் இரண்டு காரணங்கள் முன்னால் வந்து நிற்கும். குடலில் எங்கேயாவது ஓட்டை விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கணையம் கெட்டிருக்க வேண்டும். ஓட்டை என்றால் அந்த நிமிஷமே வயிற்றைத் திறந்து தைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் போய்விடுவான். கணையம் என்றால் கத்தியே வைக்கக் கூடாது, வைத்தால் ஆள் போய்விடுவான். எக்ஸ்ரே எடுத்தால் பாதி சந்தேகம் தீரும். எக்ஸ்ரே எடுக்கிற ஆள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தான், பாலத்தில் டயர் எரிந்துகொண்டிருந்தது. கோட்டயத்துக்கு அனுப்பலாம் என்றால் வழியெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி. மிச்சம் இருந்தது பிலோமினாவின் லேப்.

பிலோமினா வழக்கப்படி ஸ்டார்ச் கரைசலைக் குழாயில் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினாள். பைலியின் ரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தை அதில் விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து அயோடின். ஸ்டார்ச் அப்படியே இருந்தால் குழாய் மையைப் போல நீலமாகும். அமிலேஸ் ஸ்டார்ச்சைத் தின்றிருந்தால் நீலம் வெளிறும். எவ்வளவு வெளிறியதோ அவ்வளவு அமிலேஸ். பைலியின் குழாயில் நீலமே வரவில்லை. அயோடினின் மஞ்சள் மட்டும் தண்ணீரில் மிதந்தது.

முழுவதும் வெளுத்துப்போனால் சீரத்தை உப்புத் தண்ணீரில் கலக்கி, வீரியத்தைக் குறைத்து, இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்போதுதான் சரியான அளவு சொல்ல முடியும். அதற்குள் டாக்டர் வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன பிலோமினா?" என்றார். "மொத்தமும் போயிடுச்சு சார்," என்றாள். "அப்ப கணையம்தான்," என்று திரும்பி நடந்தார். பைலியின் மூக்கில் குழாய் இறங்கியது, கையில் சலைன் ஏறியது, கத்தி பெட்டிக்குள் இருந்தது.

இப்போது இன்னொரு வார்டிலிருந்து சர்க்கரை பார்க்க ரத்தம் வந்திருந்தது. பிலோமினா உலர்த்தும் பெட்டியிலிருந்து ஒரு பிப்பெட்டை, அளவுக் கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழலை, எடுத்து நுனியைச் சீரத்தில் வைத்து, மேல்முனையை வாயில் வைத்து உறிஞ்சினாள்.

சீரம் சட்டென்று கோட்டைத் தாண்டி ஏறிவிட்டது.

அவள் நாக்கால் மறித்தாள். கண்ணாடியின் விளிம்பு நாக்கில் சில்லென்று பட்டது. எத்தனையோ வருஷமாக உறிஞ்சுகிறவள், அந்த முனை இப்படிப் பட்டதே இல்லை. உறிஞ்சும்போது எப்போதும் ஒரு மெல்லிய தடை இருக்கும். பிப்பெட்டின் வாய்ப்பக்கத்தில் திணித்து வைக்கிற சிட்டிகைப் பஞ்சு அது. மருந்து வாய்க்குப் போகாமலும் எச்சில் பிப்பெட்டுக்குள் போகாமலும் காப்பது அந்தப் பஞ்சுதான்.

பிப்பெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பஞ்சு இல்லை. அடுத்ததை எடுத்தாள். அதிலும் இல்லை. பெட்டியில் இருந்த ஒன்றிலும் இல்லை.

பிப்பெட்டுகளைக் கழுவிக் காயவைத்துப் பஞ்சு திணித்து அடுக்குவது சாராம்மை என்ற பெண்ணின் வேலை. பந்த் என்பதால் அவள் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள். பிலோமினாதான் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்தாள். பஞ்சை மறந்துவிட்டாள். அது யாரோ செய்கிற வேலை, தானாக நடந்துவிடும் என்று கைக்குப் பழகிப்போயிருந்தது.

காலையில் சீரம் விட்ட பிப்பெட், மேல் ஓரத்தில் இரண்டு வளையக் கோடு போட்ட வகை. அப்படிப்பட்டதில் கடைசிச் சொட்டையும் வாயால் ஊதித்தான் இறக்க வேண்டும். காலையில் பைலியின் சீரத்தையும் அப்படித்தான் ஊதினாள். அதற்குச் சற்று முன்னால்தான் சிஸ்டர் டொமிட்டில்லா ஆஸ்பத்திரியை நடத்தும் கன்னியர் மடத்திலிருந்து அவித்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஓட்டல் ஏதும் திறக்காத நாள், பசியில் அள்ளி அள்ளித் தின்றாள். உறைப்பில் நாக்கு ஊறிக்கொண்டே இருந்தது. வாயை ஒரு முறை கொப்பளித்துவிட்டு, ஊறுகிற வாயோடுதான் பிப்பெட்டைப் பிடித்தாள்.

கணையத்தில் மட்டுமா அமிலேஸ் ஊறுகிறது? எச்சிலிலும் அதேதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும், ஒரு குழாய் ஸ்டார்ச்சை மொத்தமாகத் தின்றுவிடும். ஒப்பிட்டுப் பார்க்கச் சீரம் விடாமல் வைத்த குழாய் நீலமாகத்தான் நின்றது, அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அதில்தான் அவள் எதையும் ஊதவில்லையே.

டாக்டரிடம் ஓட வேண்டும் என்று கால் எழுந்தது. என்னவென்று சொல்வது? பஞ்சு இல்லை என்றா? எச்சில் விழுந்திருக்கலாம் என்றா? விழாமலும் இருந்திருக்கலாம். உண்மையிலேயே கணையமாக இருந்து, இவள் பேச்சைக் கேட்டுக் கத்தி வைத்துவிட்டால்?

மிச்சச் சீரம் குளிர்பெட்டியில் சின்னச் சீசாவில் இருந்தது. ஆண்கள் வார்டுக்கு ஓடினாள். பைலியின் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையிலிருந்து கொஞ்சம் சிறுநீர் பிடித்தாள். கணையச் சாறு ரத்தத்தில் ஏறியிருந்தால் சிறுநீரிலும் இறங்கியிருக்க வேண்டும். பைலியின் கண் திறந்தபடி இருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. உதடு வெடித்திருந்தது. ஏலிக்குட்டி கேட்டாள், "இன்னொரு டெஸ்ட்டா மோளே?"

"ஆமா சேச்சி."

குரியாக்கோஸ் மருந்துத் தட்டோடு நின்றிருந்தார். "இனி மூத்திரத்துல எந்த பிராண்டுன்னு பாக்கப் போறியா பிலோமி?"

"சேட்டா, கொஞ்சம் வாய மூடுங்க."

குரியாக்கோஸ் அசந்துபோனார். அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

லேப்புக்கு வந்து பஞ்சு ஜாடியைத் திறந்தாள். ஒவ்வொரு பிப்பெட்டிலும் சிட்டிகை சிட்டிகையாகத் திணித்தாள். அவசரத்தில் ஒன்றில் அதிகம் போய்க் காற்றே வரவில்லை, ஊசியால் தோண்டி எடுத்தாள். மூன்று குழாய்களில் ஸ்டார்ச். முதலாவதில் பைலியின் சீரம். இரண்டாவதில் அவன் சிறுநீர். மூன்றாவதில் பஞ்சில்லாத பிப்பெட்டால் வெறும் உப்புத் தண்ணீரை எடுத்து, காலையில் ஊதியதைப் போலவே கடைசிச் சொட்டை ஊதி இறக்கினாள். மூன்றையும் தொட்டியில் நிறுத்தினாள்.

இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். நேரத்தைக் குறைத்தால் கணக்குத் தப்பும். கீழே சாலையில் கோஷம் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் போனது. சிஸ்டர் டொமிட்டில்லா வாசலில் தலையை நீட்டினார்.

"பிலோமி, ரத்தப் பிரிவு பாத்து வச்சிருக்கியா? பைலிக்கு நாடி வேகமா ஓடுது. கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. டாக்டர் சலைனை வேகமா விடச் சொல்றாரு."

"சிஸ்டர், டாக்டர இங்க வரச் சொல்லுங்க."

"அவரு நோயாளிய விட்டுட்டு இங்க..."

"வரச் சொல்லுங்க சிஸ்டர். தயவுசெஞ்சு."

அவள் முகத்தைப் பார்த்து சிஸ்டர் உடனே திரும்பிப் போனார்.

டாக்டர் வரும்போது பிலோமினா அயோடினை விட்டுக்கொண்டிருந்தாள். முதல் குழாய் நீலமானது. கொஞ்சம் வெளிறிய நீலம்தான், ஆனாலும் நீலம். இரண்டாவது மையைப் போலக் கறுத்தது. மூன்றாவதில் அயோடின் விழுந்து, சுழன்று, மஞ்சளாகவே கரைந்தது.

"என்ன இது?"

"முதல்ல இருக்கறது பைலியோட சீரம், காலையில எடுத்ததேதான். அடுத்தது சிறுநீர். இது," மூன்றாவதைத் தொட்டாள், "என்னோட எச்சில் சார்."

டாக்டர் அவளைப் பார்த்தார்.

"காலையில பிப்பெட்டுல பஞ்சு வைக்காம ஊதிட்டேன். வெளுத்தது பைலியோட ரத்தத்தால இல்ல."

டாக்டரின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"காலையில வெளுத்துப்போச்சுன்ன. இப்ப நீலம்ங்கற. எதை நம்பி நான் ஒருத்தன் வயித்தைக் கிழிக்கறது? நாளைக்கு வந்து அயோடின் கெட்டுப்போச்சு சார்னு சொல்வியா?"

"அதுக்குத்தான் மூணும் ஒண்ணா வச்சேன் சார். ஒரே ஸ்டார்ச், ஒரே அயோடின். சிறுநீர்லயும் ஏறல."

"ஏறலன்னா கணையம் நல்லா இருக்குன்னு அர்த்தமா? கெட்டுப்போன கணையத்துலகூட அமிலேஸ் சாதாரணமா இருக்கும். லேசா ஏறியிருந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது, குடல்ல ஓட்டை விழுந்தாலும் லேசா ஏறும்." அவர் அவளோடு பேசவில்லை, தனக்குள்ளே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார். "அப்ப ரத்தம் எதையும் சொல்லல. காலையிலேயும் சொல்லல."

"அவரு முதுகு வலிக்குத் தினமும் மாத்திரை முழுங்குறாராம் சார். கடையில வாங்கி. ரெண்டு வேளையும்."

டாக்டர் நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

"அவரோட பெண்டாட்டி. என்கிட்ட."

"அந்த மாத்திரை குடலையே அரிச்சு ஓட்டை போடும். நான் குடிப்பியான்னு மட்டும்தான் கேட்டேன்," என்று சொல்லிக்கொண்டே அவர் வார்டுக்கு விரைந்தார். பிலோமினா பின்னால் ஓடினாள்.

பைலியின் வலது விலாவுக்குக் கீழே டாக்டர் விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டினார். கல்லீரல் இருக்கிற இடம் மரக்கட்டையைப் போல மந்தமாக ஒலிக்க வேண்டும். அது காலிப் பானையைப் போல ஒலித்தது. குடலை விட்டு வெளியே வரக் கூடாத காற்று கல்லீரலின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி தட்டினார். அதே ஒலி.

"சிஸ்டர், பெரிய ஊசி."

வயிற்றின் பக்கவாட்டில் மரக்கச் செய்து ஊசியை இறக்கி மெல்ல இழுத்தார். ஊசிக்குழலில் கலங்கிய பச்சை நீர் ஏறியது. அதில் தவிடு போலத் துணுக்குகள் மிதந்தன. பிலோமினா தன்னையறியாமல் அதை வாங்கக் கை நீட்டினாள்.

"இதுக்கு டெஸ்ட் வேண்டாம்," என்றார் டாக்டர். "ராத்திரி சாப்பிட்டதே வெளிய வந்து நிக்குது. தியேட்டரைத் தயார் பண்ணுங்க. சேட்டத்தி, இங்க கையெழுத்துப் போடுங்க."

ஏலிக்குட்டிக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "கத்தி வைக்கக் கூடாதுன்னீங்களே சாரே?"

"காலையில சொன்னேன். இப்ப வச்சே ஆகணும். போடுங்க."

அவள் போட்டாள். கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். பைலி ஏதோ சொல்ல வாயெடுத்தான், வெறும் காற்றுதான் வந்தது.

ரத்தம் தேவைப்பட்டது. சிஸ்டர் டொமிட்டில்லா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போய், கொடியோடு உட்கார்ந்திருந்த பந்த்காரர்களிடம் நின்றார். "ஊரை அடைச்சாச்சு இல்ல, இனி ஒரு பாட்டில் கொடுத்துட்டுப் போங்க பிள்ளைகளே." ஐந்தாறு பேர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்கள். பிலோமினா ஒவ்வொருவர் ரத்தத்தையும் பைலியின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு பிப்பெட்டையும் வாயில் வைக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பஞ்சைப் பார்த்தாள். பார்த்ததையே மறுபடியும் பார்த்தாள். கொடிக்காரன் ஒருவன் கேட்டான், "என்ன சேச்சி, அதுக்குள்ள பூச்சி இருக்கா?" அவள் அடுத்த பிப்பெட்டை வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.

தியேட்டர் கதவு திறக்க வெகுநேரம் ஆனது. டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்து நேராக லேப்புக்குள் நுழைந்தார். முக்காலியில் உட்கார்ந்தார்.

"முன்சிறுகுடல்ல ஓட்டை. மிளகு சைஸ்தான். தைச்சாச்சு. ஆனா வயிறு முழுக்கச் சீழ். காலையிலேயே திறந்திருந்தா இவ்வளவு இருந்திருக்காது. பிழைப்பானான்னு இப்ப சொல்ல முடியாது."

"என் தப்பு சார்."

"பாதி உன்னுது." அவர் தன் விரல்களைப் பார்த்தார். "காலையில தட்டினப்பவே சத்தம் சரியில்லன்னு தோணிச்சு. நீ வந்து மொத்தமும் போயிடுச்சுன்ன. விரலை விட்டுட்டுக் குழாயைப் பிடிச்சேன். பந்த்துக்கு முந்தின நாள், மூட்டைக்காரன், வெளுத்த குழாய். கணக்கு அழகா வந்துச்சு." எழுந்தார். "இனி வாயால உறிஞ்ச வேண்டாம். ரப்பர் பல்ப் வாங்கித் தரச் சொல்றேன். நாலு வருஷமாச் சொல்றேன், மடத்துல பணம் இல்லங்கறாங்க. இந்தத் தடவ தருவாங்க."

இரண்டு நாள் பைலிக்குக் காய்ச்சல் ஏறி இறங்கியது. பிலோமினா லேப்பைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் ஆண்கள் வார்டின் ஜன்னலோரமாகச் சுற்றிப் போனாள். உள்ளே போகவில்லை. ஏலிக்குட்டி விசிறுகிற கை மட்டும் தெரிந்தது. கை அசைந்துகொண்டிருந்தால் போதும் என்று நடந்தாள். மூன்றாம் நாள் வயிறு அசைந்தது, காற்றுப் பிரிந்தது. டாக்டர் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, "இனிப் பயமில்ல," என்றார். வார்டு முழுக்கச் சிரித்தது. குரியாக்கோஸ்தான் முதலில் பைலியின் கையைப் பிடித்து, "தப்பா நெனச்சிட்டேன் சேட்டா, மனசுல வச்சுக்காதீங்க," என்றாராம். பைலி, "இன்னைக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுப்பீங்களா, அதுவும் சந்தேகமா?" என்று கேட்டானாம்.

அன்று மதியம் ஏலிக்குட்டி லேப்புக்கு வந்தாள். குளித்து, துவைத்த சட்டை போட்டிருந்தாள்; முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு. வாழையிலையில் சுற்றிய பொதி ஒன்றைப் பாதிக் கதவின் பலகை மேல் வைத்தாள். நெய் மணத்தது.

"ஏத்தம்பழம் வறுத்தது. தங்கச்சி வீட்டுலேருந்து வந்துச்சு. உனக்குன்னு எடுத்து வச்சேன் மோளே."

"எனக்கு எதுக்கு சேச்சி?"

"எதுக்கா? டாக்டர் சொன்னாரு, லேப்புல அந்தப் பொண்ணு திரும்பப் பாக்கலன்னா நாங்க திறந்திருக்கவே மாட்டோம்னு. எல்லாரும் குடிகாரன்னு சிரிச்சப்ப நீ ஒருத்திதான் நின்னு கேட்ட. அதனாலதான் திரும்பப் பாத்த. எனக்குத் தெரியும்."

உள்ளே அலமாரியருகே சிஸ்டர் டொமிட்டில்லா பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பிலோமினாவைப் பார்த்துத் தலையை மிக லேசாக ஆட்டினார். வேண்டாம். ஆள் பிழைத்துவிட்டான். இனிச் சொல்லி யாருக்கு என்ன?

பிலோமினாவுக்கும் அது தோன்றியது. வாங்கி வைத்துக்கொண்டு சிரித்தால் போதும். ஏலிக்குட்டி ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ மலையிறங்கிப் போய்விடுவாள். போகிற இடமெல்லாம் இவளைப் பற்றி நல்லதாகச் சொல்வாள். பைலி இரண்டு நாள் அனுபவித்த அந்தக் காய்ச்சலைக்கூட இவள் கணக்கில் எழுதாமல், இவளால் பிழைத்தான் என்றே எழுதுவாள்.

"சேச்சி," என்றாள். "அன்னைக்குக் காலையில குழாய் வெளுத்தது என்னாலதான். உங்க ஆளோட ரத்தத்துல ஒண்ணும் இல்ல. நான் ஊதும்போது என் எச்சில் அதுல விழுந்துடுச்சு. பஞ்சு வைக்க மறந்துட்டேன். அத வச்சுத்தான் டாக்டர் கணையம்னு நெனச்சாரு. காலையிலேயே திறந்திருக்கணும். என்னாலதான் மதியம்வரைக்கும் அப்படியே கெடந்தாரு. அவரக் குடிகாரருன்னு சொன்னதும் அத வச்சுத்தான்."

ஏலிக்குட்டி கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் அவள் முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது, சொன்னது காதில் விழாததைப் போல. பிறகு அது ஒவ்வொரு வார்த்தையாக இறங்கியது. பிலோமினாவின் வாயைப் பார்த்தாள். மேஜை மேல் வரிசையாக அடுக்கியிருந்த பிப்பெட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் முனையிலும் இருந்த வெள்ளைப் பஞ்சைப் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்க சேச்சி."

ஏலிக்குட்டியின் கை பொதியின் மேல் போனது. இலையின் ஓரத்தைப் பிடித்து ஒரு விரற்கடை தன் பக்கம் இழுத்தது. அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள். பொதியை அங்கேயே விட்டுவிட்டு, துண்டைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு வார்டை நோக்கிப் போனாள்.